சென்னையில் இருந்துகொண்டு செய்யாற்றுக் கூத்துக்கு என்ன செய்யலாம்?

கேள்வி இதுதான். சென்னையில் வேலை பார்க்கும் நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து ஓர் அறக்கட்டளை பதிவு செய்திருக்கிறார்கள். காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி பக்கத்துத் தெருக்கூத்துக் குழுக்களுக்கு உதவ வேண்டும் என்பது நோக்கம். கையில் ஐந்து லட்ச ரூபாய். முதல் வேலையாகச் சென்னையில் இரண்டு நாள் கூத்து விழா நடத்தலாமா என்று யோசிக்கிறார்கள். நகரத்தில் இருக்கும் ஓர் அமைப்பால் ஊர்ப்பக்கத்துக் கலைக்கு உண்மையில் என்ன செய்ய முடியும், விழா வேண்டாம் என்றால் வேறு என்ன, ஊரில் தங்கள் பெயர் தெரியலாமா கூடாதா என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்கள்.

விழாவை இந்த வருஷம் தள்ளிப்போடுங்கள். நடத்தவே கூடாது என்று சொல்லவில்லை. அது முதல் வேலை இல்லை. காரணம் சொல்லப் போனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூத்துக்குச் சோறு போடுவது யார் என்பதிலிருந்து தொடங்குவோம். சென்னையில் இருந்து பார்த்தால், கவனிக்க ஆளில்லாமல் ஒரு கலை தவிக்கிறது, அதைக் காப்பாற்ற நாம் போகிறோம் என்றுதான் தோன்றும். வைகாசி மாதம் இரவு பதினொரு மணிக்குச் செய்யாற்றிலிருந்து வந்தவாசிப் பக்கம் ஒரு தடவை வண்டியில் போய்ப் பாருங்கள். எங்காவது ஓர் ஊரிலிருந்து ஆர்மோனியமும் முகவீணை என்ற சிறு ஊதுகருவியும் காதில் விழும். திரௌபதி அம்மன் கோயில்களில் பங்குனி, சித்திரையில் தொடங்கி ஆடி வரை பாரத விழா நடக்கிறது. பகலில் பிரசங்கியார் பாரதம் சொல்வார். இரவில் அதே கதை கூத்தாக வரும். வில்வளைப்பு, சூது துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு, கர்ண மோட்சம் என்று பத்து இரவோ பதினெட்டு இரவோ ஓடும். கடைசி நாள் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவத்தின் மேல் படுகளம், அதாவது அவன் போரில் விழும் கட்டம். அன்று மாலை தீமிதி. அர்ச்சுனன் தபசு அன்று நடிகர் தபசு மரத்தின் உச்சிக்கு ஏறி அங்கிருந்தே பாடுவார், கீழே ஊரே அண்ணாந்து நிற்கும். குழந்தை இல்லாதவர்கள் ஈரத்துணியோடு மரத்தடியில் காத்திருப்பார்கள்.

இதற்கெல்லாம் பணம் ஊர் வரி. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வீடு வீடாக வசூலிப்பார்கள். ஊரை விட்டுப் பிழைக்கப் போனவர்களும் அனுப்புவார்கள். மழை பொய்த்தால் விராட பர்வம் வைக்கும் வழக்கம் உண்டு. பெரியவர் ஒருவர் இறந்தால் காரியத்தன்று கர்ண மோட்சம் வைக்கும் குடும்பங்கள் உண்டு. ஆக, கூத்துக்குப் புரவலர் ஊர்தான். எந்தக் குழுவைக் கூப்பிடுவது, எந்த இரவு எந்தக் கதை, துரியோதனன் வேஷத்துக்கு யார் வர வேண்டும் என்பதையெல்லாம் ஊர்க்காரர்கள் கறாராகப் பேசித்தான் வெற்றிலை பாக்கு மாற்றி அச்சாரம் கொடுப்பார்கள். வேஷம் சரியில்லை என்றால் விடியற்காலையில் பாக்கிப் பணத்தில் கைவைக்கவும் தயங்க மாட்டார்கள். நம் சபாக்களில் இவ்வளவு கண்டிப்பான ரசிகர்களை நான் பார்த்ததில்லை.

இந்த ஏற்பாட்டுக்குள் நீங்கள் மூன்றாவது ஆளாக நுழைகிறீர்கள். ஊருக்கும் குழுவுக்கும் நடுவில் ஓடும் பணமும் பேச்சும் கெடாமல், அவர்கள் இருவராலும் முடியாத எதை நம்மால் செய்ய முடியும் என்று கேட்டால் வழி தெரியும். ஊரால் முடிந்ததையே நாமும் செய்யப் போனால் ஊர் மெல்லக் கையை எடுத்துக்கொள்ளும். "அதான் சென்னையிலிருந்து டிரஸ்ட்காரங்க தராங்களே" என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், அடுத்த வருஷ வசூல் படுத்துவிடும்.

சென்னையில் ஏற்கெனவே என்னென்ன இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1955-இல் சென்னை மாநில சங்கீத நாடக சங்கம் என்று தொடங்கியது, 1973-இல் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் ஆனது. கலைமாமணி விருது வழியாக எல்லோருக்கும் தெரிந்த பெயர். விருதைத் தாண்டி, நலிந்த கலைஞர்களுக்கு உதவித்தொகை, இசைக்கருவியும் ஆடை அணிகலனும் வாங்க நிதி என்று வேறு வேலைகளும் உண்டு. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-இல் வந்தது. மாவட்டம்தோறும் கலை மன்றங்கள் வயதுக்கு ஏற்ப ஐந்து விருதுகள் கொடுக்கின்றன: கலை இளமணி, வளர்மணி, சுடர்மணி, நன்மணி, முதுமணி. முதுமணிக்கு 66 வயது ஆக வேண்டும். அந்த வயதில் ராத்திரி முழுக்கக் கட்டை என்ற மர அணிகளைக் கட்டி ஆடிய முழங்காலுக்கு விருதை விட நல்ல எலும்பு டாக்டர்தான் தேவை என்பது என் தனிப்பட்ட அபிப்பிராயம். அரசு இசைப்பள்ளிகள் 17 மாவட்டங்களில் இருக்கின்றன. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் என்பதுதான் அங்கே வழக்கமான பாடத்திட்டம். பகுதிநேர நாட்டுப்புறக் கலைப் பயிற்சி மையங்கள் வந்தது இப்போதுதான்.

இவற்றையெல்லாம் குறை சொல்வது சுலபம். எனக்கு அதில் ஆர்வம் இல்லை. வாசல் இருக்கிறது, வாசலுக்கும் கூத்துக்காரருக்கும் நடுவில்தான் இடைவெளி. 2020-இல் ஊரடங்கு வந்தது பங்குனியில், கூத்துப் பருவம் தொடங்கும் நேரத்தில். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் சேர்த்து இரண்டு பருவம் போயிற்று. அரசு உதவித்தொகை அறிவித்தபோது முதலில் கிடைத்தது வாரியத்தில் பதிந்து அட்டை வைத்திருந்தவர்களுக்கு. முப்பது வருஷம் முகவீணை வாசித்தவரிடம் அட்டை இல்லை; வேறு தொழில் பார்க்கும் ஒருவரிடம் இருந்தது. இப்படி நானே இரண்டு மூன்று ஊரில் பார்த்தேன். ஊழல் என்று சொல்ல மாட்டேன். விண்ணப்பம், வயதுச் சான்று, கலைஞர் என்பதற்கான சான்று, வங்கிக் கணக்கு என்று அலையத் தெரிந்தவருக்கு அட்டை. அவ்வளவுதான்.

சரி, விழாவுக்கு வருகிறேன். கூத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்த வரலாறு ஒன்றும் புதிதில்லை, நல்ல வரலாறும்கூட. 1970-களில் எழுத்தாளர் ந. முத்துசாமி, செய்யாறு பக்கத்து ஊரான புரிசையின் நடேசத் தம்பிரானுடைய கூத்தைப் பார்த்து அசந்துபோனார். நாம் தேடுகிற நாடகம் இங்கே இருக்கிறது என்று எழுதவும் பேசவும் தொடங்கினார். 1977-இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழு உருவானது. புரிசை கண்ணப்பத் தம்பிரான் சென்னை நடிகர்களுக்குக் கூத்து அடவும் பாட்டும் கற்றுக்கொடுத்தார். அந்தப் பட்டறையிலிருந்து பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் என்று எத்தனை பேர் சினிமாவுக்குப் போனார்கள் என்று உங்களுக்கே தெரியும். புரிசைக்கும் பலன் இருந்தது: படித்தவர்களின் மரியாதை, வெளிநாட்டுப் பயணம், ஊரிலேயே ஆண்டுதோறும் கண்ணப்பத் தம்பிரான் நினைவாகக் கூத்தும் நவீன நாடகமும் ஒரே இரவில் நடக்கும் விழா. ஆனால் புரிசையின் கதை அந்த ஒரு குடும்பத்தின் திறமையும் முத்துசாமி என்ற ஒருவரின் பிடிவாதமும் சந்தித்த கதை. பக்கத்து ஊர்க் குழுக்களுக்கு அதில் ஒழுகியது சொற்பம். மொத்தமாகக் கூட்டிக் கழித்தால் கூத்து நகரத்துக்குக் கொடுத்தது அதிகம், வாங்கியது குறைவு என்பேன்.

பொங்கலை ஒட்டி நடக்கும் சென்னை சங்கமம் 2007-இல் வந்தபோது அளவே மாறிவிட்டது. பூங்காவிலும் கடற்கரையிலும் பறையும் கரகமும் கூத்தும். இடையில் நின்று, 2023-இல் 'நம்ம ஊரு திருவிழா' என்ற பெயரோடு அரசே திரும்ப நடத்துகிறது. இதில் இரண்டு நன்மையை மறுக்கவே முடியாது. ஒன்று, தை மாதம் பல குழுக்களுக்கு வருமானம் மெலிந்த காலம். அப்போது கையில் காசு. இரண்டு, சாவு மேளம் என்று ஒதுக்கப்பட்ட பறையை மயிலாப்பூர்ப் பிள்ளைகள் சம்பளம் கொடுத்துக் கற்கிற நிலைமை வந்ததில் இந்த மேடைகளுக்குப் பங்கு உண்டு.

இழப்பு எங்கே என்றால் நேரத்தில். ஒரு நகர விழாவில் கர்ண மோட்சத்துக்கு இருபது நிமிஷம் ஒதுக்கியிருந்தார்கள். அமைப்பாளர் நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் கேட்டார். குழுவை நடத்தும் வாத்தியார் என் பக்கம் திரும்பி, "கர்ணனுக்கு அரிதாரம் பூசவே ரெண்டு மணி நேரம் ஆகுது சார். வேஷம் போடுறதைக் காட்டிட்டு எறங்கிடட்டுமா?" என்றார். கேலி இல்லை, உண்மையான சந்தேகம். கடைசியில் திரைக்குப் பின்னால் நின்று திரை விருத்தம் பாடி, திரை விலக்கி, கிறிக்கி என்ற சுழலாட்டம் நாலு சுற்றி, கோமாளியாக வரும் கட்டியங்காரன் இரண்டு ஜோக் சொல்லி முடித்தார்கள். கைதட்டல் பலமாக இருந்தது. பொன்னுருவி கர்ணனைப் போருக்கு அனுப்பாமல் மறிக்கும் கட்டம், விடியற்காலை மூன்று மணிக்கு ஊர்ப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைக்கும் கட்டம், அது எங்கே? இளம் நடிகர்கள் இந்த இருபது நிமிஷத்தையே கூத்து என்று கற்றுக்கொண்டால் பாட்டு போய்விடும், சுற்று மட்டும் மிஞ்சும். சில குழுக்களில் அது நடந்துகொண்டும் இருக்கிறது.

தலைநகரத்துக் கலை அமைப்பின் பணமும் கவனமும் தலைநகரத்தின் பக்கமே சாயும் நோய் நம் ஊரில் மட்டும் வருவதில்லை. பிரிட்டனில் 1940-இல், போர் நடந்துகொண்டிருந்தபோது, இசைக்கும் கலைக்கும் ஊக்கமளிக்க ஒரு குழு அமைத்தார்கள். தொழிற்சாலை உணவுக்கூடங்களுக்கும் சுரங்க ஊர்களுக்கும் கச்சேரியும் நாடகமும் போயின. உள்ளூர்க்காரர்கள் தாங்களே பாடவும் நடிக்கவும் உதவுவதும் தொடக்கத்தில் அதன் வேலைகளில் ஒன்று. பொருளாதார மேதை கெய்ன்ஸ் 1942-இல் தலைவரானார். அவர் மனசு முழுக்கத் தொழில்முறைக் கலையில், லண்டன் ஓபராவில். 1946-இல் அது கலைக் கவுன்சிலாகி அரச சாசனம் பெற்றது; 1950-களின் நடுவில் வட்டார அலுவலகங்களையே மூடிவிட்டார்கள். குறைவாக இருந்தாலும் உயர்ந்ததாக இருக்கட்டும் என்பது அப்போதைய கொள்கை. அப்புறம் வட்டாரங்கள் தாங்களாகவே சங்கம் கட்டிக்கொண்டன. 2013-இல் வெளியான ஓர் ஆய்வறிக்கையின் கணக்குப்படி, இங்கிலாந்தில் மத்தியக் கலை நிதி லண்டன்வாசி ஒருவருக்கு 69 பவுண்டு, மற்ற பகுதிகளில் தலைக்கு 4.60 பவுண்டு. கெட்ட எண்ணம் எதுவும் தேவையில்லை. முடிவெடுப்பவர்கள் மாலையில் எங்கே போய் நாடகம் பார்க்கிறார்களோ அங்கே பணம் சாய்ந்துவிடுகிறது.

இதற்கு எதிர்த்திசையில் போனவர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். 1990-இல் கூத்து நடிகர் பெ. ராஜகோபாலும் சக கலைஞர்களும் காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கினார்கள். நெதர்லாந்து ஆய்வாளர் ஹன்னா டி புருயின் அதில் உடனிருந்து உழைத்தார். 2002-இல் புஞ்சரசந்தாங்கலில் குருகுலம். பிள்ளைகள் அங்கேயே தங்கிப் பள்ளிப் படிப்பும் கூத்தும் படித்தார்கள். காலங்காலமாக ஆண்களே பெண் வேஷம் கட்டிய மேடையில் பெண் பிள்ளைகள் துரியோதனனாகவும் கர்ணனாகவும் வந்து நின்றார்கள். 2020-இல் குருகுலம் மூடப்பட்டது. சென்னையில் இருந்துகொண்டு முயன்றிருந்தால் இந்தச் சங்கமும் குருகுலமும் தொடங்கியே இருக்காது. கூத்துக்காரர் ஒருவரே நடுவில் இருந்ததால்தான் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்ற சண்டையை உள்ளேயே போட முடிந்தது. நகரத்துப் பணமும் வெளிநாட்டுப் பணமும் அங்கேயும் வந்தன. முடிவு மட்டும் காஞ்சிபுரத்தில் எடுக்கப்பட்டது.

மெலட்டூரையும் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர்ப் பக்கத்து இந்த ஊரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி வெங்கடராம சாஸ்திரியின் தெலுங்கு நாடகங்களைப் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகமாக ஆடுகிறார்கள். 1950-களில் சென்னை வழக்கறிஞர் ஈ. கிருஷ்ணய்யர் இதற்கு வெளியுலகக் கவனம் வரப் பாடுபட்டார். இன்றைக்கும் நடிகர்களில் பலர் நகரங்களில் உத்தியோகம் பார்ப்பவர்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்து வேஷம் கட்டுகிறார்கள். நகரம் ஊருக்குப் போகிறது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அவர்களுக்கு மாதச் சம்பளம் உண்டு, நிலம் உண்டு, படிப்பு உண்டு. அதை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டு கூத்துக் குழுவிடம் போனால் ஏமாந்து போவீர்கள். கூத்துக்காரருக்கு இது வயிற்றுப்பாடு.

இனி, நீங்கள் செய்யக்கூடியது. உங்கள் ஐந்து லட்சத்தை எங்கே போடலாம் என்று என்னிடம் விட்டால், பெரும்பகுதியை முன்பணத்தில் போடுவேன். பல குழுக்களில் பருவம் தொடங்கும் முன் நடிகர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் குழு நடத்துபவர் முன்பணம் கொடுத்து அந்த வருஷத்துக்கு நிறுத்திக்கொள்கிறார். பெண் வேஷம் கட்டும் நல்ல ஸ்திரீ பார்ட்டுக்குப் போட்டி அதிகம், முன்பணமும் அதிகம். வாத்தியாரிடம் அவ்வளவு காசு ஏது? வட்டிக்கு வாங்குகிறார். பருவம் முழுக்க ஆடிச் சம்பாதிப்பதில் ஒரு பங்கு வட்டிக்காரருக்குப் போகிறது. மழையில் நாலு கூத்து நின்றுபோனால் ஆடியில் கணக்குப் பார்க்கும்போது கடன்தான் மிச்சம். இந்த இடத்தில் வட்டியில்லாத ஒரு சுழல் நிதி, மாசியில் கொடுத்து ஆவணியில் திரும்ப வாங்குவது, ஒரு விழா தருவதை விடப் பல மடங்கு நிற்கும். பணம் திரும்பி வருமா என்று பயப்படுவீர்கள். நாலைந்து வாத்தியார்களைச் சேர்த்து, ஒருவருக்கு ஒருவர் பொறுப்பு என்று அவர்களையே விதி எழுதச் சொல்லுங்கள். யார் திருப்புவார், யார் இழுத்தடிப்பார் என்று அவர்களுக்குத் தெரிகிற அளவுக்கு நமக்கு எந்த ஜென்மத்திலும் தெரியாது.

அடுத்தது காகித வேலை. அடையாறில் அலுவலகம் போடாதீர்கள். செய்யாற்றில் ஒரு பெண்ணையோ பையனையோ, கூத்துக் குடும்பத்துப் பட்டதாரியாக இருந்தால் இன்னும் நல்லது, சம்பளத்துக்கு வையுங்கள். ஒரு ஸ்கூட்டர், ஒரு லேப்டாப். வாரிய அட்டை, அட்டை புதுப்பித்தல், பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, முதியவர்களுக்கு மன்றத்தின் உதவித்தொகை, பான் கார்டு, வங்கிக் கணக்கு. ஏதாவது நிறுவனம் கூத்துக்குக் காசோலையாகப் பணம் தருகிறேன் என்றால் பாதிக் குழுக்கள் நடுவில் ஓர் ஆளைப் பிடிக்கின்றன. அந்த ஆள் எடுத்துக்கொள்ளும் தரகு எவ்வளவு என்று கேட்டால் வாய் விட்டுச் சிரிப்பார்கள், பதில் சொல்ல மாட்டார்கள். அலுவலகத்தில் விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று பார்த்து வரச் சென்னையில் நீங்கள் இருக்கிறீர்களே, அது பெரிய விஷயம். செய்யாற்றிலிருந்து ஒருவர் அதற்காக வந்துபோனால் ஒரு நாள் கூலி போச்சு.

மூன்றாவது, நகரத்தில் இருப்பவர்களால் மட்டுமே முடியும் என்று நான் நினைப்பது, சட்டம். ஒலி மாசு விதிகள் 2000-இன்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை வெட்டவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக மாநில அரசு வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம். படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. கூத்து தொடங்குவதே பத்து மணிக்கு! வாத்தியங்கள் முழங்கக் களரி கட்டி, பிள்ளையார் வந்து, கட்டியங்காரன் வந்து, முதல் ராஜ வேஷம் திரைக்குப் பின்னால் பாடத் தொடங்கும்போது பன்னிரண்டு ஆகிவிடும். அதனால் ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு வருஷமும் உள்ளூர்க் காவல் நிலையத்தின் தயவில்தான் பாரதம் விடிகிறது. இதோடு தேர்தல் வேறு. 2016, 2019, 2021, 2024 எல்லாமே ஏப்ரல், மே மாதங்களில். நடத்தை விதி, இரவுக் கட்டுப்பாடு என்று பருவத்தின் உச்சத்தில் அனுமதி இழுபறி. ஊர்க்காரர்களின் விண்ணப்பத்தில் கூத்தும் 'ஆடல் பாடல்' நிகழ்ச்சியும் ஒரே மாதிரித் தெரிவதால் இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்கிறார்கள்.

இதில் நீங்கள் செய்யக்கூடியது நிறைய. உங்கள் ஆறு பேரில் ஒருவராவது வக்கீலாக இருப்பார், இல்லாவிட்டால் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கோயில் பாரதக் கூத்து என்றால் என்ன, எத்தனை இரவு, ஏன் விடிய விடிய என்பதை விளக்கும் ஒரு நல்ல மனு மாதிரியைத் தயார் செய்து மாசியிலேயே ஊர்களுக்குக் கொடுக்கலாம். மாவட்ட ஆட்சியரையும் காவல் கண்காணிப்பாளரையும் பருவத்துக்கு முன்பே பார்த்துப் பேசலாம். கூம்பு ஒலிபெருக்கிக்குப் பதில் கூட்டத்துக்கு மட்டும் கேட்கிற சின்னப் பெட்டிகளை நாலு குழுக்களுக்குப் பொதுவாக வாங்கிக் கொடுக்கலாம். மைக் வருவதற்கு முன்னால் எட்டுக்கட்டையில் பாடி ஊரையே எழுப்பியவர்கள்தானே இவர்கள். சத்தம் குறைந்தால் பாட்டு தெளியும் என்று சொல்லும் பழைய வாத்தியார்கள் இருக்கிறார்கள். இளையவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அது வேறு விவகாரம்.

ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் கூத்து அனேகமாக இருக்காது. பயிற்சி, கட்டைச் சாமான் பழுது பார்ப்பது, மூத்தவர்களிடம் பாட்டு பாடம் கேட்பது எல்லாவற்றுக்கும் அதுதான் காலம். கிரீடமும் புஜக்கட்டையும் கல்யாண முருங்கை மரத்தில் செய்து கண்ணாடித் துண்டு ஒட்டுகிறார்கள். செய்யத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டு வருகின்றன. முகவீணை வாசிப்பவர்களும் அப்படித்தான். ஒரு முகவீணைக்காரரிடம் இரண்டு பையன்கள் மூன்று மழைக்காலம் உட்கார்ந்து கற்க, குருவுக்கும் பையன்களுக்கும் மாதப் பணம் கொடுங்கள். ஒளிப்பதிவு செய்தால் ஒரு பிரதியை அந்த வாரமே குழுவிடம் கொடுத்துவிடுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும். தன் அப்பாவின் குரல் நகரத்தில் எங்கோ ஓர் அலமாரியில் இருக்கிறது, தனக்குக் கேட்கக் கிடைக்கவில்லை என்று ஒரு நடிகர் என்னிடம் சொன்னார். பதிவு செய்தவர்களைப் போலவே நானும் நகரத்துக்காரன் என்பதால் தலை குனிந்தேன்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். கலையைக் காப்பாற்றுவதும் கலைஞரைக் காப்பாற்றுவதும் எப்போதும் ஒரே திசையில் போவதில்லை. சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று தீர்மானித்த ஊர்த் தெருக்கள் உண்டு. அது அவர்கள் சாதிக் கட்டாயத்திலிருந்து வெளியே வந்த கதை. அங்கே போய் உங்கள் மரபு அழிகிறதே என்று நாம் வருத்தப்பட்டால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கூத்து வாத்தியார் தன் மகனை நர்சிங் படிக்க வைத்தால் அதற்கும் உங்கள் கல்வி உதவி போகட்டும். வேஷம் கட்டினால்தான் பணம் என்று நிபந்தனை போடாதீர்கள்.

விழா ஆசை விடவில்லை என்றால் இரண்டாம் வருஷம் இப்படிச் செய்து பாருங்கள். வசூல் குறைந்ததால் பதினெட்டு நாள் பாரதத்தைப் பத்தாகச் சுருக்கிய ஊர்கள் இருக்கின்றன. அப்படி ஓர் ஊரில், நீங்கள் ஒரு இரவுக்கு வரி திரட்டினால் நாங்கள் இன்னொரு இரவுக்குத் தருகிறோம் என்று பேசுங்கள். கதையை ஊர் சொல்லட்டும், குழுவை ஊர் கூப்பிடட்டும். சென்னை நண்பர்களை ஒரு வேனில் ஏற்றி அங்கே கூட்டிப் போங்கள். பாய், கொசுவத்தி, தண்ணீர் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூன்று மணிக்குப் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். ஊர்க்காரர்களும் தூங்குவார்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பெயர் விஷயம் கேட்டீர்கள். நீங்கள் வேண்டாம் என்றாலும் ஊர்க்காரர்கள் போட்டுவிடுவார்கள். விழா நோட்டீஸில் உபயதாரர் பட்டியல் ஒன்று இருக்கும்: முதல் நாள் பூ, இரண்டாம் நாள் பந்தல், மின்விளக்கு, நடிகர்களுக்கு டீ. கூட்டத்தில் யாராவது பத்து ரூபாய் அன்பளிப்பு கொடுத்தாலே கட்டியங்காரன் பெயரைச் சொல்லிப் பாராட்டுகிற மேடை அது. டீ கொடுத்த பால்காரர் பெயருக்குக் கீழே உங்கள் அறக்கட்டளை பெயர் வந்தால் வரட்டும். தனி ஃபிளெக்ஸ் மட்டும் வைக்காதீர்கள். தபசு மரத்தை மறைக்கும்.